விவாதப் போட்டிக்கு உதவி வேண்டும்: விண்வெளி ஆய்வு ஏழை நாட்டுக்கு ஆடம்பரமா?

உப்புவெளி வாத்தியார் | திங்கள், இரவு 9.12

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம். அடுத்த வாரம் எங்கள் மாணவர்களுக்கு விவாதப் போட்டி. தலைப்பு: "விண்வெளி ஆய்வு வறிய நாடுகளுக்கு ஆடம்பரமே". எந்தப் பக்கம் பேசுவது என்பது போட்டியன்று காலையில் சீட்டுக் குலுக்கும்போதுதான் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் "ஆடம்பரம் அல்ல" என்ற பக்கத்துக்குத்தான் ஆசையாக ஆயத்தமாகிறார்கள். நானும் அப்படித்தான்.

நான்கு பேரில் ஒருத்தி திருக்கடலூர்ப் பிள்ளை, கடற்றொழில் குடும்பம். நேற்றுப் பயிற்சியின்போது ஸ்புட்னிக், ககாரின், ஆம்ஸ்ட்ரோங் என்று நான் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். அவள் எழுந்து கேட்டாள்: "சேர், 1957 இலிருந்து மேலே செயற்கைக்கோள் சுற்றுகிறது என்றால், சுனாமி வந்த அன்று அவை எல்லாம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தன?"

அவள் பிறந்தது சுனாமிக்குப் பிறகு. அவளுக்கு ஒரு மாமா இருந்திருக்கிறார். சுவரில் மாலை போட்ட படமாக மட்டுமே அவரை அவளுக்குத் தெரியும். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சமாளித்தேன். அந்த நாளையும் போய்விட்டது.

தெரிந்தவர்கள் தரவோடு எழுதுங்கள். "மனிதகுலத்தின் மாபெரும் பாய்ச்சல்" வகையறா வேண்டாம், அது பாடப்புத்தகத்திலேயே நிறைய இருக்கிறது.


கரையோரச் சந்தேகி | திங்கள், இரவு 9.40

வாத்தியார், மற்ற மூன்று பேரையும் அந்தப் பிள்ளையிடம் பாடம் கேட்க அனுப்புங்கள்.

1969 யூலை 15, அப்பலோ 11 புறப்படுவதற்கு முதல் நாள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் அவருடைய இயக்கத்தை ஏற்று நடத்திய போதகர் ரால்ஃப் அபர்னாதி, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்துக்கே போய் நின்றார். ஒரு பக்கம் ரொக்கெட், மறுபக்கம் கழுதை வண்டி. அப்பலோவுக்கு மொத்தமாக ஏறத்தாழ 2,500 கோடி டொலர் போயிற்று. 1966 இல் அமெரிக்க அரசு செலவழித்த ஒவ்வொரு நூறு டொலரிலும் நான்கு டொலருக்கு மேல் நாசாவுக்கு. பணக்கார நாட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. 2022 இல் ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் கிடந்த நாம் கேட்டால் குற்றமா?

பிறப்பையும் பார்க்க வேண்டும். ரொக்கெட்டுகளின் மூதாதை ஜேர்மனியின் வி-2 ஏவுகணை. அதை நிலத்தடிச் சுரங்கங்களில் அடிமைக் கைதிகளை வைத்துச் செய்தார்கள். அது விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்து செத்தவர்கள் அதிகம். அதை வடிவமைத்த வெர்னர் ஃபொன் பிரவுன்தான் பின்னர் அமெரிக்காவுக்குப் போய் நிலவு ரொக்கெட்டையும் கட்டினார். இதைக் கரும்பலகையில் எழுதினீர்களா?


பத்துத்தலை | திங்கள், இரவு 9.58

ஸ்புட்னிக் எல்லாம் நேற்றைய கதை. நம் இராவணேசுவரன் புட்பக விமானத்தில் பறந்தபோது ரஷ்யாவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. முதல் விண்வெளிப் பயணம் புறப்பட்டது கோணேசர் மலையிலிருந்துதான். இதை விவாதத்தில் சொல்லுங்கள், கைதட்டல் நிச்சயம்.


பழைய தந்திக்காரன் | திங்கள், இரவு 10.20

தம்பி பத்துத்தலை, நானும் கோணேசர் அடியான்தான். ஒன்று மட்டும் விளங்கவில்லை. நோயில் கிடந்த தாயாருக்காகக் கோயிலை மலையோடு பெயர்க்கப் பார்த்தார், அதில் பிளந்ததுதான் இராவணன் வெட்டு என்கிறோம். விமானம் இருந்தால் தாயாரை அதில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிவந்திருக்கலாமே? பாறையை வெட்டிய சிரமம் மிச்சம்.


உவர்மலைக்காரி | திங்கள், இரவு 10.31

ஐயா, ரொறன்ரோவில் பஸ்ஸில் இருந்து சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

பத்துத்தலைக்கு ஆறுதல்: இராவணன் உண்மையாகவே விண்வெளிக்குப் போனார். இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் ஜப்பானில் கட்டிய "ராவணா-1" என்ற குட்டிச் செயற்கைக்கோள் 2019 ஏப்ரல் 17 அன்று ஏவப்பட்டுச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், யூன் 17 அன்று அங்கிருந்து வெளியே விடப்பட்டது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ, நிலாவெளிச் சந்தையில் வாங்கும் ஒரு கூறு பூசணிக்காய் அளவு. ஏவி நான்காம் நாள் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன. அதன்பிறகு ராவணாவைப் பற்றிப் பேச யாருக்கு மனம் இருந்தது?

வாத்தியார் அண்ணா, நான் செயற்கைக்கோள் தரவோடுதான் வேலை செய்கிறேன். உங்கள் மாணவியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதை வேலை முடிந்து ஆறுதலாக எழுதுகிறேன், அவசரத்தில் எழுதக்கூடாது.


கிண்ணியா வலைக்காரன் | செவ்வாய், காலை 5.45

கரைக்கு வந்ததும் பார்க்கிறேன், இரவோடு இரவாக ஒரு போரே நடந்திருக்கிறது.

எனக்கு நிலவும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. எங்கள் வாப்பா ஆறாமீனையும் விடிவெள்ளியையும் பார்த்து வள்ளம் ஓட்டினார். வடக்கைக் காட்டும் துருவ நட்சத்திரம் நம்முடைய கடலில் அடிவானத்துக்கு எட்டரைப் பாகை மேலேதான் நிற்கும். கொஞ்சம் மூடுபனி என்றால் அதுவும் இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் முழு வானமுமே இல்லை. வாப்பாவின் தலைமுறையில் திசை தவறி அந்தமான் பக்கம் போய், ஆறு மாதம் கழித்து வீட்டில் கத்தம் ஓதி முடிந்தபிறகு திரும்பி வந்தவர்கள் உண்டு. இப்போது என் பலநாள் படகில் ஜீ.பி.எஸ். இருக்கிறது. போன முறை சூரை கிடைத்த இடத்தில் ஒரு குறி போட்டுவைப்பேன், அடுத்த முறை அதே இடத்தில் வலை விரிப்பேன். இதற்கு நான் வானத்துக்குக் கொடுத்த காசு ஒரு சதமும் இல்லை. கருவிக்கு மட்டும் கொடுத்தேன்.

ஐரோப்பாக்காரர் 2015 இல் நம்முடைய மீனைத் தடை செய்தபின் பலநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவியும் பூட்டச் சொன்னார்கள். முதலில் எல்லாரும் திட்டினோம், யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருந்தது. என் மச்சானின் படகு எஞ்சின் செத்து மூன்று நாள் மிதந்தபோது, கரையிலிருந்து அதன் புள்ளியைப் பார்த்துத்தான் இன்னொரு படகை அனுப்பினார்கள். அன்றிலிருந்து மச்சான் திட்டுவதில்லை. நான் இன்னும் கொஞ்சம் திட்டுகிறேன்.


கரையோரச் சந்தேகி | செவ்வாய், காலை 8.05

நானா, ஜீ.பி.எஸ். மீனவருக்காகச் செய்தது அல்ல. இராணுவத்துக்குச் செய்தது.


உவர்மலைக்காரி | செவ்வாய், காலை 8.50

சந்தேகி சொல்வது சரி. அந்தக் கதை இன்னும் மோசம், இன்னும் சுவையும்கூட.

1957 ஒக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. 83.6 கிலோ எடையுள்ள ஓர் உலோகப் பந்து, "பீப் பீப்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசாது. மேரிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்கள் வேடிக்கையாக அந்தச் சத்தத்தைப் பிடித்தார்கள். சீனன்குடாவில் கடவை அருகே நின்றவர்களுக்குத் தெரியும்: ரயில் நம்மை நோக்கி வரும்போது விசில் கூர்மையாக இருக்கும், கடந்து போகும்போது தடித்துவிடும். ஸ்புட்னிக்கின் சத்தத்திலும் அந்த மாற்றம் இருந்தது. அதை மட்டும் வைத்து அது போகும் பாதையைக் கணித்துவிட்டார்கள். சில மாதம் கழித்து அவர்களுடைய மேலாளர் கேள்வியைத் தலைகீழாக்கினார்: கோளின் இடம் தெரிந்தால், கீழே கேட்பவன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமா? அணுகுண்டு ஏவுகணை சுமந்த நீர்மூழ்கிகள் தாம் இருக்கும் இடத்தை அறிய வழி தேவைப்பட்டது. அப்படிப் பிறந்தது "டிரான்சிட்", ஜீ.பி.எஸ்.ஸுக்கு முந்திய வழிகாட்டிக் கோள்கள். முதல் ஜீ.பி.எஸ். கோள் 1978 இல் போனது. பொதுமக்களுக்கான குறிப்பலையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதத்தில்தான் நீக்கினார்கள்.

ஒரு துணுக்கு, போட்டிக்குப் பயன்படலாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கோள்களின் மணிக்கூடு நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கு. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் பிழை வரும்.

இன்னொன்று: ஒட்டாத சட்டியில் பூசும் டெஃப்லான் நாசாவின் கண்டுபிடிப்பு என்று பிள்ளைகள் எழுதியிருந்தால் வெட்டுங்கள். அது 1938. எதிரணியில் தெரிந்த ஒருவர் இருந்தால் மானம் போகும். கைப்பேசிக் கமெராவின் உணரியைச் சொல்லலாம், அது 1990களில் நாசாவின் ஆய்வுக்கூடத்தில் விண்கலங்களுக்காக உருவானது.


கிண்ணியா வலைக்காரன் | செவ்வாய், காலை 9.02

அணுகுண்டு போடச் செய்த சாமானில் சூரை பிடிக்கிறேன். அல்லாஹ்வின் கணக்கு தனி.


பழைய தந்திக்காரன் | செவ்வாய், பிற்பகல் 3.30

மத்தியான நித்திரை முடிந்தது. இனி என் முறை.

நிலவில் மனிதன் இறங்கிய செய்தியை நான் இலங்கை வானொலியில் கேட்டேன். நம் நேரப்படி 1969 யூலை 21 காலை எட்டரை மணிக்குச் சற்று முன்தான் ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தார். நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது, அது வர இன்னும் பத்து வருடம். ஒரு கடை வாசலில் றேடியோப் பெட்டியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர். இன்னொரு வேடிக்கை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்: அப்போது இலங்கையில் சனி ஞாயிறு விடுமுறை இல்லை. 1966 முதல் 1971 வரை நிலவின் பிறை பார்த்துப் போயாவுக்குத்தான் வார விடுமுறை. உலகமே நிலவில் ஆள் நடப்பதைக் கேட்கிறது, நாங்கள் அதே நிலவைப் பார்த்து லீவு எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு ஒருவரைப் பற்றி. 1945 இல் ஓர் இளம் ஆங்கிலேயர் ஒரு வானொலிச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், நமக்கு ஓரிடத்தில் நிற்பதுபோலத் தெரியும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுதும் பேசலாம் என்றார். ஒரு செயற்கைக்கோள்கூட ஏவப்படாத காலம். அந்த ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் நம் நாட்டுக்கு வந்தார், முக்குளிக்க. நண்பர் மைக் வில்சனோடு கோணேசர் மலையடியில் இறங்கியவர்கள், போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். எனக்குச் சிறுவயது. மலையில் நின்று கீழே பார்த்தால் வெள்ளைக்காரர் தண்ணீருக்குள் எதையோ தேடுகிறார்கள் என்று பெரியவர்கள் சிரித்தார்கள். கோயிலைத் தேடி அவர்கள் வரவில்லை. மீனையும் பவளத்தையும் பார்க்க வந்தவர்களுக்குக் கோயில் கிடைத்தது.

1975 இல் இந்தியா ஒரு கோள் வழியாக 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியபோது, இஸ்ரோக்காரர் கொழும்பில் கிளார்க்கின் வீட்டுக்கு ஓர் அலைவாங்கியைக் கொண்டுவந்து பூட்டினார்கள். தொலைக்காட்சி இல்லாத நாட்டில் அவர் வீட்டில் மட்டும் படம் ஓடியது. எண்ணியவர் வீட்டுக்கே எண்ணம் திரும்பி வந்தது.

இன்று திருகோணமலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் கூரையில் டிஷ் இருக்கிறது. அவை எல்லாம் ஏறக்குறைய உச்சியைப் பார்த்து நிற்கின்றன. இந்தியக் கோள்கள் பல 83 பாகைக் கிழக்கில், நாம் 81 இல், அத்தோடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்.


உவர்மலைக்காரி | செவ்வாய், பிற்பகல் 4.10

ஐயா, இங்கே அவை தெற்குப் பக்கம் நாற்பது பாகையில் சாய்ந்து நிற்கும். வந்த புதிதில் எல்லா வீட்டு டிஷ்ஷும் பிழையாகப் பூட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.


கரையோரச் சந்தேகி | செவ்வாய், மாலை 6.15

ஐயாவின் கதைக்கு முன்னால் வாதாட மனம் வரவில்லை. இருந்தாலும் ஒன்று. தற்செயலாகக் கோயில் கிடைத்தது என்பதற்காக எல்லாரையும் கடலில் குதிக்கச் சொல்ல முடியாது. சுனாமிக் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.


உவர்மலைக்காரி | செவ்வாய், இரவு 11.50

இதோ. மூன்று முறை எழுதி அழித்தேன்.

2004 டிசெம்பர் 26. சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது அப்போதைய நம் நேரத்தில் காலை ஏழு மணிக்குச் சற்று முன். அலை நம் கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் கழிந்த வேளையில், அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து 2001 இல் ஏவிய "ஜேசன்-1" தற்செயலாக இந்து சமுத்திரத்துக்கு மேலே, 1,336 கிலோமீட்டர் உயரத்தில் போனது. கடல் மட்டத்தை ராடார் கொண்டு அளப்பதுதான் அதன் வேலை. ஆழ்கடலில் அந்த அலை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரம்தான். அதன் மேலே படகில் இருந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஜேசனுக்குத் தெரிந்தது. அளந்தது.

அளவு கீழே வந்து, கணக்கிட்டு, இது சுனாமி என்று யாரோ ஒருவர் பார்க்கப் பல மணி நேரம் ஆயிற்று. அந்தக் கோள் எச்சரிக்கைக்குக் கட்டியது அல்ல. கட்டியிருந்தாலும் நம் கரையில் யாருக்குச் சொல்வது? தொலைபேசி எண் கூட இல்லை. நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

அண்ணா, அந்தப் பிள்ளையிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். மேலே இருந்தது, பார்த்தது. நமக்குச் சொல்ல ஆள் இல்லை.

பிறகுதான் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை வந்தது. கடலடியில் அழுத்தமானி, அதற்கு மேலே மிதவை, மிதவையிலிருந்து செயற்கைக்கோள், அதிலிருந்து கரை. செய்தி சில நிமிடத்தில் வந்துவிடும்.


கிண்ணியா வலைக்காரன் | புதன், காலை 6.20

தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அந்த முறை வேலை செய்ததை நான் கண்டேன். 2012 ஏப்ரல் 11, பிற்பகல். சுமாத்திராப் பக்கம் மீண்டும் 8.6 அளவில் அதிர்ந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், கிண்ணியா முழுதும் மேட்டுக்கு ஓடியது. என் உம்மாவின் ஒரு கையில் அடையாள அட்டைப் பை, மறு கையில் கோழி. அலை வரவில்லை. உம்மா இரண்டு நாள் கோபமாக இருந்தார், கோழி முட்டையிடவில்லை என்று.


உப்புவெளி வாத்தியார் | புதன், இரவு 8.00

எல்லாருக்கும் நன்றி. இன்று அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. கொப்பியில் "ஜேசன்-1, 60 செ.மீ." என்று மட்டும் எழுதினாள்.

புயலைப் பற்றியும் குறித்து வைத்திருக்கிறேன். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய புயலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 டிசெம்பரில் புரெவி நம் மாவட்டத்தின் வடக்கே கரை ஏறியபோது முன்கூட்டியே மக்களை அப்புறப்படுத்தினார்கள், பெரிய உயிரிழப்பு இல்லை. இதை வலுவான சான்றாக வைக்கலாமா?


கரையோரச் சந்தேகி | புதன், இரவு 8.35

வைக்காதீர்கள். 78 புயலுக்கு முன்னால் புரெவி ஒரு பெருமூச்சு. எதிரணி கிழித்துவிடும்.

நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் ஒடிசாவை எடுங்கள். 1999 பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 இல் அதே கரைக்குக் கடும்புயல் ஃபைலின் வந்தது, இறந்தவர் ஐம்பதுக்கும் குறைவு. ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. 1999 இலேயே இந்தியாவுக்கு மேலே இன்சாட் கோள் நின்று புயலைப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. இடையில் மாறியது வானம் அல்ல. புயல் காப்பகங்கள் கட்டினார்கள், ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள், இலட்சக்கணக்கானவர்களை முதல் நாளே வெளியேற்றினார்கள். சீமெந்தும் பஸ்ஸும் காப்பாற்றின.


உவர்மலைக்காரி | புதன், இரவு 9.05

சீமெந்து எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது, சந்தேகி அண்ணா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2009 இல் வன்னிக் கரையோரத்துக்குச் செய்தியாளர் எவரும் போக முடியாதபோது, அங்கே என்ன நடந்தது என்பதற்கு வானிலிருந்து எடுத்த படங்களை ஐ.நா.வின் செயற்கைக்கோள் பிரிவு ஆராய்ந்து வைத்தது. அதற்கு விலை போட முடியுமா?


கரையோரச் சந்தேகி | புதன், இரவு 9.20

முடியாது. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்தப் படத்தாலும் யாரும் அன்று நிறுத்தப்படவில்லை.


பழைய தந்திக்காரன் | புதன், இரவு 9.45

பிள்ளைகளே, இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறீர்கள். நான் தந்தியில் இருந்தவன். கொழும்பிலிருந்து தந்தி வந்தால் போதாது, சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் கூப்பிட ஆள் வேண்டும். படித்துக் காட்டவும் ஆள் வேண்டும்.


உப்புவெளி வாத்தியார் | அடுத்த வியாழன், மாலை 5.30

போட்டி முடிந்தது. சீட்டில் விழுந்தது "ஆடம்பரமே".

நான் பத்து நாள் ஆயத்தம் செய்தது மறுபக்கத்துக்கு. மூன்று பிள்ளைகளின் முகமும் கறுத்துப்போனது. திருக்கடலூர்ப் பிள்ளை மட்டும் கொப்பியைத் திறந்தாள். எதிரணி இந்தியா கேரளத்துத் தும்பாவில் 1963 இல் தேவாலயத்தில் ரொக்கெட் கட்டியதைச் சொன்னது, செவ்வாய்க்குப் போன மங்கள்யானுக்கு 450 கோடி ரூபாய்தான் என்றது, டெஃப்லானையும் சொன்னது. இவள் எழுந்தாள். டெஃப்லானை 1938 என்று ஒரே வரியில் முடித்தாள். பிறகு ஜேசன்-1 ஐயும், 1999 இன் இன்சாட்டையும் வைத்தாள். "நடுவர் அவர்களே, அலையை அளந்தார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல ஆள் வைக்காமல் பார்க்க மட்டும் ஆள் வைப்பதற்குப் பெயர்தான் ஆடம்பரம்" என்று சொல்லி அமர்ந்தாள். வென்றுவிட்டோம். என் மனம் மட்டும் இன்னும் எதிரணியில் இருக்கிறது.


உவர்மலைக்காரி | அடுத்த வியாழன், மாலை 5.52

என் தரவை எடுத்து என்னையே தோற்கடித்திருக்கிறாள். யாரும் அவளைத் திட்டாதீர்கள், நான் நேரில் வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பேன்.


உப்புவெளி வாத்தியார் | அடுத்த வியாழன், மாலை 6.10

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "சேர், அந்த ஜேசன் இப்போது எங்கே?"


உவர்மலைக்காரி | அடுத்த வியாழன், மாலை 6.40

2013 யூலையில் நிறுத்திவிட்டார்கள். இப்போதும் மேலேதான் இருக்கிறது, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் உயரத்தில், பேசாமல் சுற்றிக்கொண்டு. அதன் வேலையை இப்போது 2020 இல் ஏவிய சென்ரினல்-6 செய்கிறது என்று சொல்லுங்கள்.


கிண்ணியா வலைக்காரன் | அடுத்த வியாழன், இரவு 7.15

வாத்தியார், அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு ஒருநாள் படகா? அப்படியென்றால் கண்காணிப்புக் கருவியும் இருக்காது, றேடியோவும் இருக்காது. என் வீட்டில் பழைய வி.எச்.எஃப். செட் ஒன்று சும்மா கிடக்கிறது, பற்றரி மாற்றினால் பேசும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து திருக்கடலூர்ப் பக்கம் வருவேன். எந்த மீன்வாடி என்று மட்டும் எழுதுங்கள்.